‘எங்க வளர்ப்புதான் தப்பா?’ – பாலீர்ப்பின் வேரைத் தேடிய உளவியலாளர் கண்டது என்ன?

‘எங்க வளர்ப்புலதான் ஏதோ தப்பு நடந்துபோச்சா?’ மகன் தன்பாலின ஈர்ப்பாளர் என்று தெரியவரும்போது, பூரணாங்குப்பமோ சென்னையோ, பெற்றவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். அடுத்த கேள்வி, ‘எந்த டாக்டர்கிட்ட காட்டலாம்?’

முதல் கேள்வியோடு 30 ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கட்டியவர் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக உளவியலாளர் மைக்கேல் பெய்லி. 1991-ல் மனநல மருத்துவர் ரிச்சர்ட் பில்லார்டுடன் சேர்ந்து, தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்களின் சகோதரர்களை ஆராய்ந்தார். அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரட்டையரில் 52% பேருக்கும் அதே ஈர்ப்பு. மற்ற இரட்டையரில் 22%, தத்தெடுப்பால் சகோதரர் ஆனவர்களில் 11%. மரபணுதான் காரணம் என்று உலகமே பேசியது.

அதில் ஒரு ஓட்டை இருந்தது. ஆய்வுக்கு ஆள் சேர்த்தது, தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கான பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து. சகோதரனும் தன்னைப் போலவே இருந்தால்தானே ஆர்வமாக வந்து பெயர் கொடுக்கத் தோன்றும்? ஆஸ்திரேலிய இரட்டையர் பதிவேட்டை வைத்து 2000-ல் பெய்லியே மறுபடி பார்த்தபோது, 52% என்பது 20% ஆகச் சுருங்கிவிட்டது. இருபாலின ஈர்ப்புள்ள ஆண்கள் நிஜமாகவே இருக்கிறார்களா என்று 2005-ல் சந்தேகம் கிளப்பியவரும் அவர்தான். 2011, 2020 ஆய்வுகளில் ‘இருக்கிறார்கள்’ என்று ஒப்புக்கொண்டவரும் அவர்தான். (திருநங்கைகள் பற்றி 2003-ல் எழுதிய புத்தகத்துக்கு வாங்கிய எதிர்ப்பு தனிக் கதை.)

அப்போ, வளர்ப்பு?

2016-ல் அவரது குழு வெளியிட்ட விரிவான தொகுப்பாய்வில் இதற்கு ஒரு வலுவான தடயம் உண்டு. பிறவிக் குறைபாடு அல்லது விபத்து காரணமாக, ஆண் குழந்தைகளை அறுவை சிகிச்சை செய்து பெண்ணாகவே வளர்த்த 7 பேரின் மருத்துவப் பதிவுகள் அவை. பெரியவர்களானதும் ஏழு பேருக்கும் ஈர்ப்பு பெண்கள் மீதுதான். பாவாடை கட்டிவிட்டு வளர்த்தும் மாறாதது, பெற்றோர் கண்டிப்பாலோ செல்லத்தாலோ மாறும் என்று நம்புவது கஷ்டம். அதற்காக ஒற்றை ‘தன்பாலீர்ப்பு மரபணு’ இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. சுமார் 4.7 லட்சம் பேரை அலசிய 2019-ம் ஆண்டு சர்வதேச ஆய்விலும் அப்படி எதுவும் சிக்கவில்லை.

காரணம் முழுசாகத் தெரியாவிட்டாலும், இரண்டாவது கேள்விக்குப் பதில் தெளிவாகவே இருக்கிறது. மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள் பாதுகாப்பு கேட்ட வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முதலில் தானே ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். 2021 ஜூனில், இந்த ஈர்ப்பை ‘குணப்படுத்தும்’ முயற்சிகளுக்குத் தடை விதித்தார். புதுச்சேரிக்கும் அதுதான் உயர் நீதிமன்றம். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமும் அப்படிப்பட்ட சிகிச்சை தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. ‘மாத்திரையில மாத்திடலாம்’ என்று சொல்லும் டாக்டர் மீது மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.