ஏரிக்கணக்கு மாறியது எக்செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

உண்மையில், தெரியாது. நாம் சொல்லும்போது அதுவே போய்க் கேட்டு வருகிறது.

சென்னைக் குடிநீர் வாரியம் பூண்டி, செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர் இருப்பை நாள்தோறும் இணையத்தில் அட்டவணையாக வெளியிடுகிறது. அதை நகலெடுத்து எக்செல்லில் ஒட்டினால், நாளைக்கே பழங்கணக்கு.

தென்னேரி போன்ற ஒரு பாசன ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுவது, குடத்தில் மொண்டு வருவது. அட்டவணையை எக்செல்லோடு இணைப்பது, மதகிலிருந்து வயலுக்கு வாய்க்கால் வெட்டுவது.

இணைக்கும்போது எக்செல் எண்களோடு, அவை வந்த வழியையும் குறித்துக்கொள்கிறது: எந்த முகவரி, எந்த அட்டவணை, எந்த வரிகள் வேண்டாம். 'புதுப்பி' என்று அழுத்தினால் மதகு திறக்கும். அதே வழியில் புது எண்கள் வந்து பழையவற்றின் இடத்தில் உட்காரும்.

அழுத்த மறந்தால்? வேறு ஏற்பாடு செய்யாதவரை சும்மா கிடக்கும். கூகுள் ஷீட்ஸின் இம்போர்ட் சூத்திரங்கள் கொஞ்சம் சுறுசுறுப்பு. கோப்பு திறந்திருந்தால் மணிக்கு ஒருமுறை தாமே எட்டிப் பார்க்கும்.

இணையதளத்தில் முகவரியோ நெடுவரிசையின் தலைப்போ மாறிவிட்டால் வாய்க்கால் அடைபட்டு, பிழைச்செய்தி வரும். புது வழியை நீங்கள்தான் காட்ட வேண்டும்.