வெள்ளத்துக்கு இடம் விட்ட பூங்கா

சிங்கப்பூரின் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் ஒரு சிறு குன்று இருக்கிறது. ஏறி நின்றால் புல்வெளியும் வளைந்தோடும் காலாங் ஆறும் தெரியும். அந்த ஆற்றை ஒருகாலத்தில் அடைத்து வைத்திருந்த கான்கிரீட் கால்வாயின் உடைந்த பாளங்களைக் கொண்டு எழுப்பிய குன்று அது. ‘மறுசுழற்சிக் குன்று’ என்றே அதற்குப் பெயர்.

1988-இல் பூங்கா திறந்தபோது ஆறு அதன் ஓரத்தில் நேர்க்கோடாக 2.7 கி.மீ. ஓடிய வெறும் வடிகால். மழைநீரை விரட்டுவதுதான் அதன் ஒரே வேலை. 2006-இல் பொதுப் பயனீட்டுக் கழகம் நீர்நிலைகளை மக்களுக்குத் திறந்துவிடும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன்கீழ் தேசியப் பூங்காக் கழகத்துடன் கைகோத்துக் கால்வாயை உடைத்தது. 2012 மார்ச்சில் 62 ஹெக்டேர் பூங்காவின் நடுவே, 3.2 கி.மீ. நீளத்துக்கு ஆறு நெளிந்து ஓடியது.

சுவரை எடுத்தால் வெள்ளம் ஊருக்குள் வராதா? வராது. கால்வாயின் அகலம் 17 முதல் 24 மீட்டர்தான். இப்போது பெருமழையில் நீர் புல்வெளியில் ஏறி 100 மீட்டர் வரை பரவலாம். வெயில் நாளில் பிள்ளைகள் ஓடும் இடமே மழை நாளில் ஆற்றின் மடி. ஆற்றோரப் பூங்கா போடுகிறவர்கள் முதலில் வரைய வேண்டியது நடைபாதையை அல்ல, வெள்ளம் ஏறும் எல்லையை. இங்கே அப்படித்தான் செய்தார்கள்; என்னை ஈர்த்ததும் அதுதான்.

கரையைக் காப்பது கல்லும் வேரும். சுள்ளிக்கட்டுகளைச் சரிவில் புதைத்தார்கள். பாறைகளுக்கிடையே செடி நட்டார்கள். பத்து உத்திகளை 2009-இல் ஒரு பக்க வடிகாலில் சோதித்துப் பார்த்த பிறகே ஆற்றில் கைவைத்தார்கள். கான்கிரீட் கட்டிய நாள் முதல் தேயும். வேரோ ஆண்டுக்கு ஆண்டு இறுகும். பின்னாளில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று தானாகவே வந்து குடியேறியது.

நீர்மட்டத்தைக் கருவிகள் கவனிக்கின்றன. மட்டம் ஏறினால் விளக்கு எரியும், சைரன் ஒலிக்கும், ஒலிபெருக்கி எச்சரிக்கும். ஆற்றின் நடுவே படிக்கற்களில் நிற்கும் பிள்ளைகூட ஓடி மேடேறிவிடலாம். கரையைச் செங்குத்தாக வெட்டாமல் மெல்லச் சரித்து விட்டிருப்பது அதற்காகவும்தான்.