ஒரு டன் திராட்சைக்கு 2 டாலர்: ஆஸ்திரேலிய விவசாயி கட்டும் காசு எங்கே போகிறது?

தீர்வை என்றதும் உங்களுக்கு எது ஞாபகம் வரும்? பலருக்கு வெளிநாட்டு ஊழியர் தீர்வை. ஆனால் உங்கள் முதலாளி இன்னொன்றும் கட்டுகிறார்: திறன் மேம்பாட்டுத் தீர்வை. சம்பளத்தில் 0.25 விழுக்காடு என்பது கணக்கு. அந்தக் காசு ஊழியர் பயிற்சிக்கே திரும்பிப் போகிறது.

ஆஸ்திரேலியாவின் ஒயின் துறையும் ஏறக்குறைய அப்படித்தான் இயங்குகிறது.

திராட்சை பயிரிடுபவர் ஆலைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2 ஆஸ்திரேலிய டாலர் ஆராய்ச்சிக்காகப் பிடிக்கப்படுகிறது. ஒயின் தயாரிப்பாளர் தன் பங்காக டன்னுக்கு 5 டாலர் தருகிறார். விளம்பரத்துக்கும் ஏற்றுமதிக்கும் அவர் கட்டுவது தனி. ஆராய்ச்சிக்கு வரும் பணத்துக்கு ஈடாக அரசாங்கமும் ஒரு வரம்புவரை பணம் போடுகிறது. எல்லாவற்றையும் நிர்வகிப்பது ‘ஒயின் ஆஸ்திரேலியா’ என்ற அமைப்பு.

நீங்கள் சிங்கப்பூரில் ஒயின் வாங்கும்போது கட்டும் மதுபான வரி வேறு. ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி. 14 விழுக்காடு ஆல்கஹால் உள்ள சாதாரண போத்தலுக்கு 9 வெள்ளிக்குமேல் வரும். அது அரசாங்கத்தின் பொது வருமானம். எந்தத் திராட்சைத் தோட்டத்துக்கும் போகாது!

சரி, ஏன் கட்டாயப்படுத்த வேண்டும்? விருப்பப்பட்டவர் கட்டட்டுமே?

காட்டுத்தீயை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 டிசம்பரில் அடிலெய்ட் ஹில்ஸ் வட்டாரத்தில் பெரிய தீ. தோட்டம் எரியாவிட்டாலும் புகை பழத்துக்குள் போய்விடும். பார்த்தால் தெரியாது, கடித்தாலும் பெரும்பாலும் தெரியாது. ஒயின் ஆன பிறகுதான் சாம்பல் வாடை வரும். பழத்தைப் பறிக்கலாமா, அப்படியே விட்டுவிடலாமா என்று ஆய்வகச் சோதனைதான் சொல்ல முடியும். சில ஏக்கர் வைத்திருப்பவர் சொந்தமாக ஆய்வகம் வைக்க முடியுமா? 1955இல் தொடங்கப்பட்ட ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சிக் கழகம் அந்த வேலையைச் செய்கிறது. அதற்கு முக்கியமான வருமானம் இந்தத் தீர்வைதான்.

இப்படிப்பட்ட கண்டுபிடிப்பு ஒருமுறை வந்துவிட்டால் எல்லாருக்கும் பயன். காசு கட்டாத பக்கத்துத் தோட்டக்காரருக்கும்தான். அப்புறம் யார் கட்டுவார்கள்?

வட்டார அளவில் கதை கொஞ்சம் மாறுகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ் மெக்லாரன் வேல், ரிவர்லேண்ட், லாங்ஹார்ன் கிரீக் போன்ற இடங்களுக்குத் தனித்தனி நிதி இருக்கிறது. இதுவும் டன் கணக்குதான். உள்ளூர்ச் சங்கம் அதை வைத்து அந்த வட்டாரத்தின் பெயரை வெளியே கொண்டுபோகிறது, விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறது, பூச்சி, நோய்களைக் கண்காணிக்கிறது.

டன் கணக்கில்தான் சிக்கலும் இருக்கிறது. 2021இல் சீனா ஆஸ்திரேலிய ஒயின்மீது 200 விழுக்காட்டையும் தாண்டும் வரி விதித்தது. 2024 மார்ச்சில்தான் அதை நீக்கியது. இடையில் சிவப்பு ஒயின் தேங்கி, திராட்சை விலை விழுந்தது. அதிகம் அடிபட்டது ரிவர்லேண்ட். உற்பத்திச் செலவுகூடக் கிடைக்கவில்லை என்று அங்குள்ள விவசாயிகள் புலம்பினார்கள். விலை பாதியானாலும் 2 டாலர் 2 டாலர்தான். அதிக விலைக்கு விற்கும் வட்டாரத்துக்கு அது சில்லறை. மலிவாக விற்பவருக்கு அப்படியில்லை. அவர்களுடைய எரிச்சல் நியாயமானதுதான்.

தேசியத் தீர்வையிலிருந்து விலக முடியாது. ஆனால் வட்டார நிதிக்குக் கட்டியதைத் திரும்பக் கேட்கலாம். நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் போதும். அதனால் உள்ளூர்ச் சங்கத்துக்கு ஒரு பயம் இருந்துகொண்டே இருக்கும். வேலை சரியில்லை என்று பட்டால், அடுத்த ஆண்டு அந்தக் கடிதங்கள் வரும்.