கரையேறிய குர்சுரா

கண்டி ஹந்தானையில் 1925ஆம் ஆண்டுத் தேயிலைத் தொழிற்சாலையொன்றை அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். பழைய ரோலர்கள் அங்கே கூரைக்குக் கீழே பத்திரமாக நிற்கின்றன. போர்க்கப்பலைக் காப்பது அவ்வளவு சுலபமல்ல. உப்பு இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும்.

1971 போரில் பங்கேற்ற இந்திய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த், மும்பையில் மிதக்கும் அருங்காட்சியகமாக இருந்தது. பராமரிக்கப் பணம் புரளவில்லை. 2012இல் பாதுகாப்பில்லை என்று மூடினார்கள். 2014இல் உடைக்கத் தொடங்கினார்கள். பெரிய இழப்புத்தான்.

குர்சுரா நீர்மூழ்கி தப்பியது. சோவியத்தில் கட்டப்பட்ட அந்த 91 மீற்றர் கப்பல் 2001இல் ஓய்வு பெற்றதும், விசாகப்பட்டினக் கடற்கரைக்கு இழுத்துவந்து கொங்கிரீட் மேடையில் நிறுத்தினார்கள். உள்ளே டோர்பிடோக் குழாய்கள், அடுக்குப் படுக்கைகள், ஆளைக் குனியவைக்கும் வட்டக் கதவுகள். லயன் காம்பராவே விசாலம் என்று தோன்றும்! வழிகாட்டுவோர் முன்னாள் கடற்படையினர். வெளித்தகட்டைத்தான் துரு விடுவதில்லை. அவ்வப்போது சுரண்டி வர்ணம் பூசவேண்டியிருக்கிறது.