படங்களுக்கு இரண்டு வீடு

திருத்தணி வீரட்டானேசுவரர் கோயிலில் கல்லில் வெட்டிய வெண்பா ஒன்று இருக்கிறது. நம்பி அப்பி என்பவர் அந்தக் கோயிலைக் கற்றளியாகக் கட்டியதைச் சொல்லும் அந்தப் பாட்டை இயற்றியவர் 9ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னர் அபராஜிதரே. அருகிலுள்ள வேலஞ்சேரியில் 1977இல் அதே மன்னரின் செப்பேடுகள் கிடைத்தன. முதலாம் பராந்தக சோழரின் செப்பேடுகளும் உடன் கிடைத்தன. கல்வெட்டு ஓரிடத்தில் நின்று எல்லாருக்கும் செய்தி சொல்லும். செப்பேட்டை உரியவர் கையோடு கொண்டுபோய்ப் பத்திரப்படுத்தலாம்.

இன்று நம் வீட்டுப் படங்களுக்கும் இதே இரண்டு வழிகள்தான். ஆடிக் கிருத்திகைக் காவடி, குழந்தையின் மொட்டை, காதுகுத்து என்று செல்போன் நிரம்பிவிடுகிறது. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குவதா, ‘நாஸ்’ வாங்குவதா? நாஸ் என்பது வலைச் சேமிப்பகம்; ரூட்டரோடு இணைந்து, வீட்டிலுள்ள எல்லாப் போன்களுக்கும் பொதுவாக இருக்கும் டிஸ்க் பெட்டி.

முதலில் டிஸ்க்கைத் திறந்து பார்ப்போம். சட்டைப்பையில் அடங்கும் 2 டி.பி. டிஸ்க்கில், படம் ஒன்றுக்கு 4 எம்.பி. என்றால், 5 லட்சம் படங்கள் கொள்ளும். உள்ளே காந்தப் பூச்சுள்ள தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுற்றுகிறது. எழுதிப் படிக்கும் முனை தட்டைத் தொடுவதில்லை. சுழற்சி எழுப்பும் காற்றின் மேல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் தடிமனோ ஏறத்தாழ 80,000 நானோமீட்டர்!

அந்த முனை படிக்கும் காந்தப் புள்ளிகள் மிகமிகச் சிறியவை. மெல்லிய உலோக அடுக்குகளின் மின்தடை, சிறு காந்தப்புலத்துக்கே பெரிதும் மாறுவதை 1988இல் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் பீட்டர் குருன்பெர்க்கும் தனித்தனியே கண்டறிந்தார்கள். பெருங்காந்தமின்தடை எனப்படும் இந்த விளைவு, டிஸ்க்கின் கொள்ளளவைப் பெருக்கியது. 2007இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது.

திடீரென்று கரண்ட் போனால்? சுழலும் தட்டின் வேகத்தையே டிஸ்க் மின்சாரமாக்கிக்கொள்கிறது. அந்தச் சிறு மின்சாரத்தில், தட்டு நிற்பதற்குள் முனையை ஓரத்துக்கு ஒதுக்கிவிடுகிறது. ஆனால், எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுந்துபோகலாம். ஓடும்போது கைதவறி விழுந்தால் முனை தட்டில் உரசும். எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் பெரிய பகை இதுதான்.

நாஸுக்குள் இருப்பவையும் பெரும்பாலும் இதே வகை டிஸ்க்குகள். கூடவே திரையில்லாத ஒரு சிறிய கணினி. போன் வீட்டு வைஃபைக்குள் வந்ததும், புதுப் படங்களைத் தானாகவே வாங்கி வைக்கும்படி அமைக்கலாம். இன்டர்நெட் நின்றாலும் வீட்டுக்குள் வேலை நிற்காது. கேபிளில் இணைத்தால், ஜிகாபிட் வலையில் நொடிக்கு 125 எம்.பி. வரை போகும். எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் வேகமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

மூன்று டிஸ்க் கொண்ட நாஸில் இன்னொரு விந்தை. தரவெல்லாம் 1, 0 என்ற குறிகள். முதல் டிஸ்க்கில் 1, இரண்டாவதில் 0 இருந்தால், மூன்றாவதில் 1 எழுதப்படும். மூன்றையும் சேர்த்தால் 1களின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படை, அதுதான் விதி. எந்த டிஸ்க் செத்தாலும், மற்ற இரண்டைப் பார்த்து அதில் என்ன இருந்தது என்று சொல்லிவிடலாம். ‘ரெய்டு’ எனும் இந்தக் குடும்பத்து உத்திகளை 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ஒரே கட்டுரையில் வகைப்படுத்தினார்கள்.

ரெய்டு, செத்த டிஸ்க்கிலிருந்துதான் காக்கும். தவறுதலாக ஒரு படத்தை அழித்தால், எல்லா டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். இடி இறங்கினால், திருடன் வந்தால், பெட்டி மொத்தமும் போகும். ஆகவே ரெய்டு இருக்கிறதே என்று மாற்றுப் பிரதி வைக்காமல் இருந்துவிடக் கூடாது.

செலவையும் பார்ப்போம். 20 வாட் இழுக்கும் நாஸ் இரவுபகலாக ஓடினால், இரண்டு மாத மின்கணக்கில் சுமார் 29 யூனிட் ஏறும். கரண்ட் போய்வரும் ஊரில் சிறிய யுபிஎஸ் ஒன்றும் கட்டாயம். எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு யூஎஸ்பி தரும் மின்சாரமே போதும். வேலை முடிந்ததும் கழற்றிப் பீரோவில் வைத்துவிடலாம்.

ஒருவர், ஒரு லேப்டாப் என்றால் நாஸ் தேவையில்லை. எக்ஸ்டர்னல் டிஸ்க் இரண்டு போதும். நாலைந்து போன்கள் உள்ள வீட்டுக்கு நாஸ் தகும். அதனுடன் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் வேண்டும். இரண்டிலும் பொது விதி 3-2-1: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். அந்த ஒன்றைச் சென்னையிலோ சித்தூரிலோ இருக்கும் அக்கா வீட்டில் கொடுத்து வையுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாங்கிவந்து, புதுப் படங்களை ஏற்றி, பழைய படங்கள் சிலவற்றைத் திறந்து பாருங்கள். திறந்து பார்த்த பிரதியை மட்டும் நம்புங்கள்.