மேமோகிராம் நார்மல்... ஆனா கட்டி இருக்கே? இளம்பெண்களுக்கு அல்ட்ராசவுண்ட் ஏன் முக்கியம்?

ஒரகடம் பக்கத்து சேரப்பணஞ்சேரியில் காலை ஷிஃப்ட்டுக்கு கம்பெனி பஸ் பிடிக்கும் பெண்களில் பலர் 20களில் இருப்பவர்கள். அரசின் மார்பகப் பரிசோதனைத் திட்டமோ 30 வயதில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்பே கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டால்?

மேமோகிராம் போதாதா?

மேமோகிராம் என்பது எக்ஸ்ரே. இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால், எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளைதான். தயிருக்குள் வெண்ணெய்த் துண்டைத் தேடுகிற மாதிரி!

அல்ட்ராசவுண்டில் ஒலியின் எதிரொலிதான் படமாகிறது. அதில் அடர்த்தியான திசு வெளிறியும், கட்டி பெரும்பாலும் கருமையாகவும் தெரியும். நீர்க்கட்டியா, கெட்டியான கட்டியா என்பதும் புரிந்துவிடும். கதிர்வீச்சு கிடையாது. அதனால்தான் 30 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு டாக்டர்கள் முதலில் ஸ்கேன் எழுதுகிறார்கள்.

எவ்வளவு வித்தியாசம்?

ஜப்பானில் 40 முதல் 49 வயது வரையிலான 70,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 'ஜே-ஸ்டார்ட்' ஆய்வின் முடிவு 2015ல் வெளியானது. மேமோகிராம் மட்டும் செய்தபோது 77 சதவீத புற்றுநோய்கள் பிடிபட்டன. அல்ட்ராசவுண்டும் சேர்ந்தபோது 91 சதவீதம்.

ஆனால் ஒரு சிக்கல். புற்றுநோய் இல்லாதவர்களிலும் கூடுதலான பேருக்கு 'சந்தேகம்' என்று ரிசல்ட் வந்தது. அப்படி வந்தால் பயாப்ஸி, செலவு, லீவு, தூக்கமில்லாத இரவுகள்.

இதை எப்படிச் சரிசெய்கிறார்கள்?

ஒரு வழி, எலாஸ்டோகிராஃபி. 1991ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஜோனதன் ஓஃபிர் குழு முன்வைத்த முறை இது. மார்பகத்தை லேசாக அழுத்தி, அழுத்துவதற்கு முன்னும் பின்னும் வரும் எதிரொலிகளை ஒப்பிடுவார்கள். மென்மையான திசு அமுங்கும். புற்றுக்கட்டி பெரும்பாலும் அமுங்காது.

சென்னை ஐஐடியில் அருண் திட்டையின் ஆய்வுக்குழு இன்னொன்றையும் பார்க்கிறது: அழுத்தும்போது கட்டி நழுவுகிறதா? இளம்பெண்களுக்கு சகஜமாக வரும் ஃபைப்ரோஅடினோமா கட்டி, சுற்றுத் திசுவோடு இறுக ஒட்டாததால் நழுவும். புற்றுக்கட்டி இறுகப் பற்றிக்கொள்ளும். இந்த வித்தியாசம் படத்தில் தெளிவாகத் தெரிந்தால், தேவையில்லாத ஊசிகள் குறையும். சந்தேகம் இருந்தால் மட்டும் பயாப்ஸி. இறுதித் தீர்ப்பு அதுதான்.

அப்போ, நீங்கள் என்ன செய்யணும்?

இளம் வயதில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் உங்கள் கட்டி எந்த வகை என்பது பார்த்தால்தான் தெரியும். 'வலிக்கலையே' என்று விட்டுவிடாதீர்கள்; புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிக்காது. மேமோகிராம் நார்மல் என்று வந்தும் கட்டி கையில் தட்டுப்பட்டால், 'ஸ்கேன் பார்க்கலாமா டாக்டர்?' என்று தயங்காமல் கேளுங்கள். ஓவர்டைம் முடியட்டும், தீபாவளி லீவு வரட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.