ராயனின் கணக்குப் புத்தகம்

ஆகஸ்ட் 15 கத்தோலிக்கருக்கு இரட்டைத் திருநாள். மாதா விண்ணேற்புப் பூசை முடிந்த கையோடு கோயில் முற்றத்தில் கொடியேற்றம், ஆளுக்கு இரண்டு ஆரஞ்சு மிட்டாய். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்ச் சாமியார் அன்றைய பிரசங்கத்தை வருடா வருடம் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துவார்: நாட்டுக்குக் கிடைத்தது சின்ன விடுதலை, பாவத்திலிருந்து கிடைப்பதுதான் பெரிய விடுதலை. மிட்டாய்க்காகக் காத்திருந்த எங்களுக்கு அதில் ஆட்சேபம் ஒன்றுமில்லை. பிற்பாடுதான் சந்தேகம் வந்தது. சின்னது, பெரியது என்று நிறுத்துப் பார்த்த தராசு யாருடையது?

வெள்ளைக்காரன் காலத்தில் அந்தத் தராசுக்கு நிறைய வேலை இருந்தது. பிரிட்டிஷார் அல்லாத மிஷனரிகள், அரசுக்கு அடங்கி நடப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இங்கே ஊழியம் செய்ய முடியும். மதுரை அமெரிக்கன் மிஷனில் இருந்த கெய்தான், 1930-ல் ரெஜினால்ட் ரெனால்ட்ஸைத் தம் வீட்டில் விருந்தாளியாகத் தங்க வைத்தார். உப்பு சத்தியாக்கிரகத்துக்கு முன் காந்தி எழுதிய கடிதத்தை வைஸ்ராயிடம் கொண்டுபோன ஆங்கில இளைஞர் அவர். அந்த விருந்தோம்பலுக்காகக் கெய்தான் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று.

அடங்கி நடக்கச் சொல்ல எப்போதும் கைகொடுத்தது அந்த நாணயக் கதை. ராயனுக்கு வரி கொடுக்கலாமா என்று இயேசுவை மடக்கப் பார்க்கிறார்கள். (ராயன் என்பது சீர்திருத்த சபையார் வேதாகமத்தில் வரும் சொல். எங்கள் பக்கம் சீசர்.) அவர் ஒரு தெனாரியத்தைக் கொண்டுவரச் சொல்கிறார். இந்த இடத்தைப் பலரும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். அவர் மடியில் காசு இல்லை. கூலிக்காரனின் ஒரு நாள் சம்பளம் அது, ராயனின் தலை பொறித்தது, கேள்வி கேட்க வந்தவர்களின் பையிலிருந்துதான் வருகிறது. ராயனுடையதை ராயனுக்கும் கடவுளுடையதைக் கடவுளுக்கும் கொடுத்துவிடச் சொன்னார், சரி. எதெல்லாம் ராயனுடையது என்று அவர் பட்டியல் போடவில்லை.

அந்தப் பட்டியலைப் போட்டுப் பார்த்தவர் ஒரு தஞ்சாவூர்க் கிறிஸ்தவர். ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் என்ற பெயரில் 1892-ல் பிறந்து, ஜே.சி. குமரப்பா ஆனவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தார். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செலிக்மன் என்ற பேராசிரியரிடம் அரசு நிதி படித்தபோதுதான், இந்தியாவின் ஏழ்மைக்கும் வரி முறைக்கும் உள்ள தொடர்பு அவர் கண்ணில் பட்டது.

அதைப் பற்றி எழுதிய கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு 1929 மே மாதம் காந்தியைப் பார்க்கச் சபர்மதிக்குப் போனார். பட்டுக் கால்சட்டை, கையில் தடி. குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால் ஆற்றங்கரையில் உலாத்தினார். மரத்தடியில், சாணி மெழுகிய தரையில் ஒரு கிழவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். குமரப்பா தடியை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கிழவரே கேட்டார், நீங்கள்தான் குமரப்பாவா என்று. அப்போதுதான் இவருக்குப் பொறி தட்டியது. பட்டுக் கால்சட்டையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார்.

அதற்கப்புறம் குஜராத்தில் மாதர் தாலுகாவின் கிராமங்களில் வீடு வீடாக வரவுசெலவு எடுத்தார். காந்தி சிறைக்குப் போனதும் யங் இந்தியாவை நடத்தினார். தடியடியைப் பார்த்தும் வாய் திறக்காத மிஷனரிகளுக்குப் பகிரங்க வேண்டுகோள் விடுத்தார். ஆன்மாவின் விடுதலையை மட்டும் பேசிக்கொண்டு ஒதுங்கி நிற்பதை அவரால் பொறுக்க முடியவில்லை.

1931-ல் இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே உள்ள கடன் பாக்கியை ஆராயக் காங்கிரஸ் ஒரு குழு போட்டது. பகதூர்ஜி, புலாபாய் தேசாய், கே.டி. ஷா ஆகியோருடன் குமரப்பா அதன் அமைப்பாளர். இந்தியாவின் பொதுக்கடன் என்று லண்டன் காட்டிய கணக்கை அவர்கள் வரி வரியாகப் பிரித்தார்கள். இந்தியாவுக்கு வெளியே நடந்த போர்களின் செலவு இந்தியா தலையில். 1857 எழுச்சியை அடக்கிய செலவும், அடக்கப்பட்டவர்கள் தலையிலேயே. கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குதாரர்களுக்குக் கொடுத்த பணமும் இந்தியர் கொடுத்த வரியிலிருந்து. இவ்வளவும் ராயனுடையதா? தணிக்கையாளரின் பதில், இல்லை. நாணயக் கதைக்கு நான் படித்த விளக்கவுரைகளில் இந்த அறிக்கைதான் ஆகச் சிறந்தது. வேத வசனம் ஒன்றுகூட அதில் இருக்க வேண்டிய அவசியமில்லை.

வசனம் பேசும் புத்தகம் பிறகு வந்தது. மூன்றாம் முறை சிறைப்பட்டு ஜபல்பூரில் இருந்தபோது இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் வாழ்வும் போதனையும் பற்றியது, மற்றது நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டுக்கும் காந்தி முன்னுரை தந்தார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பொருளாதாரப் புத்தகத்தில் அவர் ஐந்து படிகள் சொல்கிறார். ஆகக் கீழே, கொன்று தின்னும் புலி. அடுத்து, தோப்பில் புகுந்து பறித்துப் போகும் குரங்கு. உச்சியில், திருப்பி எதையும் எதிர்பாராமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை. கிடைத்த விடுதலையை அன்பினால் ஒருவருக்கொருவர் ஊழியம் செய்வதில் செலவிடுங்கள் என்று கலாத்தியருக்குப் பவுல் எழுதினாரே, அதைத்தான் தணிக்கையாளர் தம் பாஷையில் எழுதி வைத்திருக்கிறார். எங்கள் சாமியார் சொன்ன பெரிய விடுதலை இங்கே தானியத்திலும் எண்ணெயிலும் நூலிலும் அளக்கப்படுகிறது.

அதனால்தான் 1947-க்குப் பிறகும் அவர் ஓயவில்லை. கொடி மாறியதும் கணக்கை மூடிவிட்டவர்களோடு மல்லுக்கு நின்றார். காங்கிரஸ் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்று 1949-ல் அறிக்கை கொடுத்தார். பெரிய இயந்திரங்களையும் ரசாயன உரத்தையும் நம்பிய திட்டங்களைச் சொந்த அரசு என்று பாராமல் சாடினார். கடைசிக் காலத்தை மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார்.

குமரப்பா இறந்தது 1960 ஜனவரி 30, காந்தியின் நினைவு நாளில். நாட்டை விட்டுப் போக நேர்ந்த கெய்தான் திரும்பி வந்த கதை அடுத்த வாரம்.